மாற்றி மாட்டிய வயர்

பிரபு,

போன வாரம் தொலைபேசியில் நீ சொன்ன ஒரு வாக்கியத்துக்குப் பதில் இது. "அப்பா, அந்த ரிசீவரை மட்டும் நான் எடுத்துக்கறேன். உங்க ரெண்டு சவப்பெட்டியும் அங்கேயே கிடக்கட்டும், ஸ்பீக்கர் புதுசா வாங்கிக்கலாம்" என்றாய். கல்யாணமாகி மூன்று மாதம், பெங்களூரில் எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் வாடகை வீடு, வீட்டுக் கடனுக்கு முன்பணம் சேர்க்கும் அவசரம், அதனால் ஸ்பீக்கர் மலிவாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னாய். நியாயமான கேள்வி. இதற்குப் பதிலைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஊரே படிக்கும்படி அச்சில் சொல்வதற்குக் காரணம் அந்த 'சவப்பெட்டி' என்ற சொல். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் உன் ஸ்பீக்கர்.

நீயும் உன் அலுவலக நண்பனும் என்னை அழைத்துப்போன அந்தக் கடையை நான் மறக்கவில்லை. குளிர்சாதனம், கண்ணாடிக் கதவு, டை கட்டிய விற்பனையாளர். ஐந்து குட்டிப் பெட்டி, ஒரு பெரிய பெட்டி, எல்லாம் வெள்ளிப் பூச்சுப் பிளாஸ்டிக். "அஞ்சாயிரம் வாட்ஸ் சார்" என்றார் அவர். அந்த அஞ்சாயிரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "பாக்ஸ்ல இருந்து சார்." பாக்ஸுக்கு எங்கிருந்து வருகிறது? "பிளக்ல இருந்து சார்." பெரிய பெட்டியைத் திருப்பி முதுகில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். எடுத்துக்கொள்ளும் மின்சாரம் அறுபது வாட் என்று போட்டிருந்தது. "அறுபது உள்ள போய் அஞ்சாயிரம் வெளிய வருதுன்னா, இத ஏங்க கடையில வச்சிருக்கீங்க? மின்வாரியத்துல குடுங்க, ஊருக்கு கரண்ட் கட்டே இருக்காது" என்றேன். உன் நண்பன் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "அங்கிள், அது பிஎம்பிஓ. வேற கணக்கு" என்றான். என்ன கணக்கு என்று கேட்டதற்கு, அட்டைப்பெட்டி மேல் அச்சடித்திருந்த எண்ணையே மறுபடி காட்டினான். பொறியியல் படித்த பையன். ஐந்து குதிரைசக்தி மோட்டார் ஒன்று கிணற்றிலிருந்து தண்ணீரைத் தூக்கி ஒரு தோட்டத்தையே நனைக்க ஐயாயிரம் வாட்கூட எடுப்பதில்லை. அதைவிடப் பெரிய மோட்டார் ஒன்று டிவிக்குப் பக்கத்தில் செருப்புப் பெட்டி அளவில் உட்கார்ந்திருக்கிறது என்பதை அவனும் நம்பினான், நீயும் தலையாட்டினாய். பொய் சொன்னவன் மேல் எனக்குக் கோபமில்லை, அது அவன் சம்பளம். மாதா மாதம் எண்களோடு வேலை பார்க்கும் நீங்கள் இருவரும் ஓர் எண்ணைப் பார்த்ததும் மூளையைக் கழற்றிக் கடை வாசலில் செருப்போடு விட்டீர்களே, அதுதான் பொறுக்கவில்லை.

நம் ரிசீவர் ஒரு பக்கத்துக்கு முப்பது வாட். நிஜமான முப்பது. நம் ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையை நிறுவ வந்த ஜப்பான்காரர் ஊர் திரும்பும்போது தன் வீட்டுச் சாமான்களை விற்றார். என்னோடு வந்த மற்ற நிருபர்கள் குளிர்பெட்டியைச் சுற்றி நின்றபோது நான் இதை எடுத்துக்கொண்டேன். வெள்ளி முகப்பு, மரச் சட்டம், ஊசி ஆடும் மீட்டர், அப்போதே இருபது வருடப் பழசு. அதன் எஃப்.எம். முள் தொண்ணூறோடு நின்றுவிடும், ஜப்பானில் அலைவரிசை அவ்வளவுதான். ஆகவே பெங்களூர் நிலையங்களில் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருப்பவர்களிடமிருந்து அது உன்னைக் காப்பாற்றும். அதற்கு வேண்டியது நூறு வோல்ட். கூடவே வரும் செங்கல் கனமான மின்மாற்றியைப் பார்த்து, "இது எதுக்கு, இடத்த அடைக்குது" என்று உன் நண்பன் சொல்வான். அவன் பேச்சைக் கேட்டு நேராகச் சுவரில் சொருகினால் ஒரே ஒரு தடவை புகை பார்க்கலாம்.

பாட்டுக்கு எதை இணைப்பது என்று கேட்டாய். உன்னிடம் இருக்கும் டிவிடி பிளேயர் போதும். அதன் சிவப்பும் வெள்ளையுமான இரண்டு வயர்களை 'ஆக்ஸ்' என்று எழுதிய துளைகளில் சொருகு. 'ஃபோனோ' என்று எழுதியவை ரெக்கார்ட் பிளேயருக்கு மட்டும். போன பொங்கலுக்கு வந்தபோது நீ அதில்தான் சொருகிவிட்டு, சத்தம் பிளந்ததும் "பழசாயிடுச்சுப்பா" என்றாய். பெட்டி பழசாகவில்லை, நீ படிக்கவில்லை. கம்ப்யூட்டரிலிருந்தும் எடுக்கலாம், ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயர் போதும். ஆனால் பஸ் ஸ்டாண்டில் ஒரு தட்டில் நூற்றைம்பது பாட்டு என்று விற்கிறார்களே, அதைப் போட்டுவிட்டு ரிசீவரைக் குறை சொல்லாதே. அவ்வளவு பாட்டையும் ஒரு தட்டில் அடைக்கும்போது எதையெல்லாம் வெளியே தள்ளினார்கள் என்று நல்ல ஸ்பீக்கர் காட்டிக்கொடுத்துவிடும். அலங்காரத்துக்காக ரெக்கார்ட் பிளேயர் வாங்கும் யோசனை இருந்தால் அந்தப் பணத்தில் மருமகளுக்கு ஒரு நல்ல மிக்ஸி வாங்கிக் கொடு.

ஸ்பீக்கருக்குக் கடைவீதியில் பழைய சாமான் விற்கும் சந்துகளுக்குப் போ. புதுசில் மலிவு என்றால் பிளாஸ்டிக்தான் கிடைக்கும். பழசில் மரம் கிடைக்கும். முதுகில் எட்டு ஓம் என்று இருக்க வேண்டும். நாலு என்றால் வேண்டாம், நம் ரிசீவருக்கு மூச்சு வாங்கும். முன் துணியைக் கழற்றச் சொல்லி, கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பை விரலால் மெதுவாகத் தொடு. ஸ்பாஞ்ச் விளிம்பு என்றால் பழைய ரொட்டிபோல் உதிரும், துணி விளிம்பு நிற்கும். கழற்ற மறுக்கும் கடைக்காரரிடம் பேச்சை வளர்க்காதே. கேட்டுப் பார்க்கும்போது அவர் போடும் இடி, மின்னல், ஹெலிகாப்டர் எதையும் கேட்காதே. உன் வீட்டுக்கு மேல் எத்தனை ஹெலிகாப்டர் பறக்கிறது? மனிதன் பேசுவதைப் போடச் சொல். செய்தி வாசிப்பவர் சளி பிடித்தவர்போல் கேட்டால் நடையைக் கட்டு. குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவில், பெட்டியே இல்லாத இடத்தில், ஆள் நிற்பதுபோல் நிற்க வேண்டும். அங்கே நிற்காமல் உன் காதுக்குப் பின்னால் அலைந்தால், பேஸ் என்கிற அடிச்சத்தம் மெலிந்திருந்தால், ஏதோ தப்பு என்று அர்த்தம்.

என்ன தப்பு என்பதை எனக்கு முதலில் சொன்னவர் முனிராஜ். பாகலூர் சாலையில் இருந்தார், இப்போதும் அங்கேயே இருக்கிறார். ஓர் இரும்பு வார்ப்பு ஆலையில் பேட்டர்ன் பிரிவு. இரும்பை ஊற்றுமுன் அதன் வடிவத்தை மரத்தில் செய்து தரும் வேலை, முடி அளவு பிசகினாலும் மொத்த வார்ப்பும் வீண். ஷிப்ட் முடிந்த பிறகு வீட்டுப் பக்கத்துக் கொட்டகையில் ஸ்பீக்கர் பெட்டி செய்வார். ரிசீவர் வந்த அடுத்த வருடம் அவரிடம் ஒரு ஜோடி சொன்னேன். நீ அப்போது கல்லூரியில் இருந்தாய். இடுப்பு உயரத்தில், தேக்குத் தகடு ஒட்டி, மூலைகளில் இணைப்பே தெரியாமல் செய்திருந்தார். அவர் கேட்டதை முழுசாகக் கொடுத்தேன். அந்த நாளில் நிருபர் என்றால் எதையும் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டு நாலு வரி பாராட்டி எழுதுவார்கள். நான் அந்த ரகமில்லை என்பதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம். காசு கொடுத்தபோது அவர் சொன்னார், "சார், வீட்டுக்கு நானே வந்து மாட்டித் தர்றேன். ரூம்ல எங்க வெக்கணும், வயரு எப்பிடிப் போகணும்னு ஒரு இது இருக்குது." வண்டியோடு நம் வாசல் வரை வந்தும்விட்டார். நான் அவரை உள்ளே விடவில்லை. "ரெண்டு வயர் மாட்டறதுக்கு என்னங்க, நானே பாத்துக்கறேன்" என்று வாசலிலேயே அனுப்பினேன். உள்ளே வந்தால் காபி குடிப்பார், பிறகு பேப்பரில் ரெண்டு வரி கேட்பார் என்று கணக்குப் போட்டேன். என் நேர்மையின் லட்சணம் அது.

மாட்டினேன். இரண்டு இழையும் ஒரே வெள்ளையாக இருக்கும் தட்டை வயர். பீரோவுக்குப் பின்னால், கட்டிலுக்குக் கீழே என்று இழுத்துப் போய்ப் பெட்டிகளில் முறுக்கினேன். பாட்டு வந்தது, நன்றாக இல்லை. மிருதங்கம் டப்பா தட்டுவதுபோல், பாடகர் எங்கேயோ கிணற்றுக்குள். ஒரு வாரம் கேட்டேன். அப்போது எங்கள் பத்திரிகையில் நுகர்வோர் குறைகளுக்கு வாரா வாரம் அரைப்பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் முனிராஜை எழுதினேன். பேர், சாலை, கொட்டகை எல்லாம் போட்டு எழுதினேன். "பாடகரை உயிரோடு அடக்கம் செய்ய இரட்டைச் சவப்பெட்டி வேண்டுவோர் பாகலூர் சாலையில் அணுகலாம்" என்று முடித்தேன். நல்ல வாக்கியம் என்று நினைத்தேன். இத்தனை வருடத்தில் நான் எழுதியதில் ஊர் மனப்பாடம் செய்தது அந்த ஒன்றைத்தான்.

தொப்பூர் பக்கம் லாரி கவிழ்ந்தால் எத்தனை பேர் இறந்தார்கள் என்று காவல் நிலையம், ஆஸ்பத்திரி, தாசில்தார் என்று மூன்று இடத்தில் கேட்காமல் ஓர் எண்ணை எழுதாதவன் நான். ஒரு மனிதனின் கைவேலையைப் பற்றி எழுதுமுன் அந்த மனிதனைக்கூடக் கேட்கவில்லை. அறிகுறிகளைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன், இன்றைக்கு எடுத்துப் படித்தாலும் ஒரு சொல் பிசகில்லை. காரணத்தை மட்டும் என் வீட்டில் தேடவில்லை.

நாலு நாளில் ஓர் அஞ்சலட்டை வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் மாடியில் நிருபர்கள் கூடும் அறை நினைவிருக்கும், சின்ன வயதில் உன்னை அழைத்துப் போயிருக்கிறேன். அங்கே வைத்துப் பிரித்தேன். ஒரே வரி. 'சார், ஒரு பக்கம் மட்டும் வயரை மாற்றிப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். முனிராஜ்.' திட்டு இல்லை, கெஞ்சல் இல்லை. நான் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "அண்ணே, மேஸ்திரி உங்களுக்கு கரண்டு வேலை சொல்லித் தர்றாரு" என்றான் ஒருவன். இன்னொருவன், "பொணத்தத் திருப்பிப் படுக்க வச்சா பாடும்கறான்" என்றான். அறை முழுக்கச் சிரித்தது. நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்து, அட்டையைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். ஒரு பக்கம் மாற்றிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். இரண்டு நிமிடம் செலவழித்துத் தோற்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்குள் இருந்ததோ என்று இப்போது சந்தேகப்படுகிறேன். அப்போது கேட்டிருந்தால் எனக்கு நேரமில்லை என்று சொல்லியிருப்பேன்.

ஏழு வருடம் போய்விட்டது. நீ தொலைபேசியில் பேசிய மறுநாள் காலை, ரிசீவரை உனக்குக் கட்டித் தர உட்கார்ந்தேன். எது எங்கே மாட்டுவது என்று நீ குழம்பக் கூடாதென்று வயரின் ஒவ்வொரு முனையிலும் சீட்டு ஒட்டினேன். அந்தத் தட்டை வயரைக் கையில் பிடித்து உற்றுப் பார்த்தால் ஓர் இழையின் மேல் மட்டும் நூல் போல ஒரு கோடு ஓடும். அதைத் தடவிக்கொண்டே போனேன். வலது பெட்டிக்குப் போன கோடு ரிசீவரின் சிவப்பு முனையிலிருந்து பெட்டியின் சிவப்பு முனைக்குப் போயிருந்தது. இடது பெட்டிக்குப் போனது சிவப்பிலிருந்து கறுப்புக்கு. மாற்றி மாட்டினால் இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும், அடிச்சத்தம் நடுவிலேயே செத்துப்போகும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டேன். அந்தக் காலையில் எதுவும் யோசிக்காமல் இடது பக்கத்தைத் திருப்பி மாட்டி, பழைய தட்டு ஒன்றைப் போட்டேன். மிருதங்கம் தரையில் அதிர்ந்தது. பாடகர் பெட்டிகளிலிருந்து வெளியே வந்து, பீரோவுக்கு முன்னால், நடுவில் நின்றார். சமையலறையிலிருந்து கரண்டியோடு உன் அம்மா வந்தாள். "ஏங்க, யாரு வந்திருக்காங்க?" என்றாள். யாரும் வரவில்லை என்றேன். ஒரு பாட்டு முழுக்க நின்று கேட்டாள். "நல்லாத்தான இருக்குது. இதையா அன்னிக்கு அப்படி எழுதினீங்க?" என்றாள். பருப்பு அடிப்பிடிக்கும் வாசம் வரும்வரை இரண்டு பேரும் அசையவில்லை.

அன்றைக்கே பாகலூர் சாலைக்குப் போனேன். கொட்டகையில் விறகும் ஒரு பழைய மொபெட்டும் இருந்தன. முனிராஜ் திண்டு போட்ட நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ கதவுப் பூட்டைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. வயரை மாற்றி மாட்டியிருந்தேன் என்று சொன்னேன். வரும் வழியில் இதற்கு ஒரு முன்னுரை தயார் செய்திருந்தேன், அது வாயில் வரவில்லை.

"இடது பக்கமா, வலது பக்கமா சார்?" என்றார்.

"இடது."

"நான் வலதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். உள்ளே திரும்பி மனைவியிடம் தெலுங்கில் காபி சொன்னார். பிறகு பூட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கல்யாண மண்டபத்துல நாலு ஜோடி சொல்லி இருந்தாங்க. பேப்பரு வந்த அன்னிக்கே வேணாம்ட்டாங்க. அது போகுது சார், கம்பெனி சம்பளம் வந்துக்கினுதான் இருந்திச்சி. ஷிப்டுல என்னைப் பொட்டின்னுதான் கூப்புடுவானுங்க. அதும் போகுது. மூணு வருசம் முன்ன ஜவளகிரில இருந்து எம் பொண்ணப் பாக்க வந்தாங்க. முக்குல டீக்கடையில முனிராஜ் வூடு எதுன்னு கேட்டுக்கிறாங்க. 'எந்த முனிராஜு, சவப்பெட்டி முனிராஜா?'ன்னு அவன் கேட்டுட்டான். நல்ல காரியத்துக்கு வந்தவங்க. டீயக்கூடக் குடிக்காம அப்பிடியே பஸ் ஏறிட்டாங்க."

பெண்ணுக்குப் பிறகு இடம் அமைந்ததா என்று கேட்டேன். "அமஞ்சிச்சி. கல்லாவி ஊர்ல குடுத்துக்கிறோம். நல்லா இருக்கறா" என்றார். நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பூட்டுக்குள் எண்ணெய் விட்டார். "ரெண்டு விசயம் சார். பேப்பர்ல வந்தது பேப்பர்லயே போகணும். எம் பேரப் போட்டுத்தான அன்னிக்கு எழுதினீங்க, இன்னிக்கும் எம் பேரப் போட்டே எழுதுங்க. ரெண்டாவது, அந்தப் பொட்டி எங்க போனாலும் நாந்தான் வந்து மாட்டுவேன். நீங்க மாட்டக் கூடாது."

நான் வாழ்நாள் முழுக்க உழைத்த பத்திரிகைக்குப் போனேன். இப்போதைய ஆசிரியர் உன்னைவிடச் சில வயதே பெரியவர். "சார், ஏழு வருஷத்து மேட்டர். யாருக்கு ஞாபகம் இருக்கும்? நாமளே கிளறி விடணுமா?" என்றார். அவரிடம் உன் வாக்கியத்தைத்தான் சொன்னேன். என் மகன் அந்தக் கட்டுரையை ஒரு வரிகூடப் படித்தவனில்லை, ஆனால் போன வாரம் அந்தப் பெட்டிகளைச் சவப்பெட்டி என்றான் என்றேன். அவர் சிரித்துவிட்டு, "நல்லா இருக்கு சார், அந்த வேர்ட்" என்றார். எழுந்து வந்துவிட்டேன். அவர் புது நிருபராக வந்த நாளில் அந்த மாடி அறையில் அந்தச் சிரிப்பைக் கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். இந்தச் சிறிய இதழ்தான் இடம் தந்தது. ஓசூர் டீக்கடைகளுக்கும் இது போகிறது, பாகலூர் சாலை முக்குக் கடைக்கும் சேர்த்து. ஒரு பிரதியை அங்கே நானே கொண்டுபோய்ப் போடுவேன். ஆகவே அச்சில் சொல்கிறேன். பாகலூர் சாலை முனிராஜ் செய்த ஸ்பீக்கர் பெட்டிகளில் எந்தக் குறையும் இல்லை. குறை அவற்றை மாட்டியவனிடம் இருந்தது. அவன் பேர் இந்த இதழின் ஆசிரியருக்குத் தெரியும், முனிராஜுக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

உன் கேள்விக்கு என் பதில் இதுதான், பிரபு. பழைய ரிசீவருக்கு மலிவில் நல்ல ஸ்பீக்கர் தேடுகிறாய். ஒரு காசு செலவில்லாமல் அது நம் வீட்டில் நிற்கிறது. கடைக்குப் போகாதே, உன் நண்பனைக் கேட்காதே, ஐந்தாயிரம் வாட்டை வீட்டுக்குள் கொண்டு வராதே. நீ இதையெல்லாம் படித்த பிறகும் இடம் போதாது, பார்க்க நன்றாக இல்லை என்று சொல்லக்கூடியவன் என்று எனக்குத் தெரியும். வளர்த்தது நான். கேட்டுப் பார்க்காமல் பேர் வைக்கும் பழக்கத்தை என்னிடமிருந்துதான் எடுத்துக்கொண்டாய், அதனால் உன்னைத் திட்டும்போது பாதி எனக்கே விழுகிறது.

வருகிற ஞாயிறு காலை ஒரு சிறு வண்டியில் பெட்டிகளும் ரிசீவரும் அந்தச் செங்கல் மின்மாற்றியும் வரும். வண்டியில் முனிராஜ் இருப்பார். நான் வரவில்லை, அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானாகத்தான் வரவில்லை. நீ எந்த வயரையும் தொடாதே. எங்கே வைக்கலாம் என்று அவர் சொல்லும்வரை சோபாவை நகர்த்தத் தயாராக இரு. மணி அடித்தால் கதவை முழுசாகத் திறந்து, அவரை உள்ளே கூப்பிடு.

அப்பா